புள்ளி கேட்காதீர்கள், போத்தலைக் கையில் கொடுங்கள்

தமிழில் மருந்துத் தகவல் இணையத்தளம் நடத்துவோருக்கும், பாவிப்போரின் அனுபவத்தை அறிய மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் வருவோருக்கும்,

வணக்கம். 'தளம் பயன்பட்டதா?' என்று கேட்டு ஐந்துக்குப் புள்ளி வாங்கும் படிவத்தை விட்டுவிடுங்கள். வீடு தேடி வந்தவரின் மனம் நோகக் கூடாதென்று எங்கள் சனம் ஐந்தையே போட்டுவிடும்.

ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். காய்ச்சல் பாணிப் போத்தல், ஊசியில்லாத சிரிஞ்ச், 'பிள்ளை 12 கிலோ' என்று எழுதிய துண்டு. தளத்தைப் பார்த்து ஒரு வேளை மருந்தை எடுக்கச் சொல்லுங்கள். பரசிற்றமோல் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 180 வரும். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணி என்றால் 7.5 மில்லிலீற்றர். அதே 7.5ஐ, 5 மில்லிலீற்றரில் 250 மில்லிகிராம் என்று போட்ட போத்தலில் எடுத்தால் 375 மில்லிகிராம் உள்ளே போகும். இரண்டு மடங்கிலும் கூட. இங்கே பேச்சில் இரண்டு அளவுக்கும் 'மில்லி'தான். தளமும் வெறுமனே 'மில்லி' என்று எழுதினால் பிழை தாயுடையதல்ல.

அடுத்தது தேடும் பெட்டி. பத்துக் குளிசை கேட்டால் அட்டையை வெட்டித்தான் தருகிறோம் (இதில் எங்கள் குற்றமும் உண்டு). துண்டில் 'போமின்' மட்டும் மிஞ்சும். அதைத் தட்டினாலும் நீரிழிவு மருந்தான மெற்போமின் வர வேண்டும். 'மாத்திரை'க்கு வருவது 'குளிசை'க்கும், 'நீரிழிவு'க்கு வருவது 'சீனி வருத்தம்' என்பதற்கும் வர வேண்டும். அமெரிக்கத் தளத்தை மொழிபெயர்த்தால் பரசிற்றமோல் அங்கே வழங்கும் பெயரில் அசெற்றமினோபென் ஆகிவிடும். பனடோலோடு தடிமல் குளிசையும் போடுபவருக்கு இரண்டிலும் அதே மருந்து இருக்கலாம் என்பது தெரியாமலே போகும்.

காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் நோன்பு மாதத்தில் 'காலை, இரவு' என்ற சொல் போதாது. விடியுமுன் சாப்பிடும் சஹருக்கா, நோன்பு திறந்த பிறகா? சீனி வருத்தத்துக்குப் போடும் கிளிக்கிளசைட் இரத்தச் சீனியை அளவுக்கு மீறி இறக்கக் கூடியது. நோன்புக்கு முன்பே வைத்தியரிடம் கேட்க வேண்டும், வியர்த்து நடுங்கினால் நோன்பை முறித்துச் சீனித் தண்ணீர் குடிக்க வேண்டும் என்ற இரண்டு வரியும் பக்கத்தின் தலையிலேயே இருக்கட்டும்.

நகரத்துப் பிள்ளைகளை மட்டும் பிடிக்காதீர்கள். படுவான்கரைக் கிராமங்களில் மூக்குக்கண்ணாடி போட்டு வாசிக்கும் ஐந்து பேரை இருத்துங்கள். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெதோட்ரெக்சேற் பக்கத்தை வாசிக்கவிட்டு, போனை வாங்கி வைத்துக்கொண்டு, 'எப்பெப்ப போடுவீங்கள்?' என்று கேளுங்கள். அது கிழமைக்கு ஒரு நாள் போடும் குளிசை. ஒருவர் 'ஒவ்வொரு நாளும்' என்று சொன்னாலும், திருத்தும்வரை அந்தப் பக்கத்தை இறக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, கல்முனை மருந்தாளர்கள் சிலர்