கார்பெட் அனிமோனுக்கு எந்தத் தண்ணீர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு உப்புநீர்த் தொட்டி பற்றிய கட்டுரையில், கோமாளி மீனுக்குத் துணையாகக் கார்பெட் அனிமோன் (கம்பளம் போல விரிந்து கிடக்கும் கடல் உயிரி) ஒன்றையும் விடலாம், தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது என்று போகிற போக்கில் எழுதியிருந்தது. அதை நம்பி தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் யாராவது போர் தண்ணீரில் உப்பைக் கரைத்தால், கரைவது பணம்தான்.

நம்மூர்த் தண்ணீர் என்றாலே ஃப்ளூரைடு பயம். இங்கே அது பெரிய சிக்கலே இல்லை. கடல்நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 1.3 மி.கி. ஃப்ளூரைடு உண்டு. தொல்லை தருபவை நைட்ரேட், சிலிக்கேட், பழைய பித்தளைக் குழாயிலிருந்து இறங்கும் செம்பு. மீன் தாங்கும் அளவு செம்பை அனிமோன் தாங்காது. வீட்டு ஆர்.ஓ. மெஷினே போதும் என்றும் இருந்துவிட முடியாது. பலவற்றில் சுவைக்காக வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகு இருக்கும். அதை முழுக்க மூடி, மிச்ச உப்புகளையும் பிடிக்கும் டி.ஐ. ரெசின் சேர்த்து, மீட்டரில் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் அளவு) 0 காட்டிய பிறகே கடல் உப்பு. 100 லிட்டருக்கு 3.5 முதல் 4 கிலோ வரை பிடிக்கும், உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 வர வேண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கும். எனவே குறைந்ததை ஈடுகட்ட உப்புக் கலக்காத அதே தண்ணீரை ஊற்றுங்கள். வெப்பம் 25–27 டிகிரி. ஓசூர்க்காரர்கள் ஓரளவு சமாளிப்பார்கள். தருமபுரிக் கோடைக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் ஆகாது.

தொட்டி ஓடத் தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்கட்டும். கார்பெட் அனிமோன்களில் ஹாடன் என்ற வகை மணலில் வாழ்வது. காலூன்ற 10 செ.மீ.க்குக் குறையாத மணல் வேண்டும். அலை மோட்டாருக்கு வலை போடாவிட்டால், நகரும்போது உள்ளே சிக்கி நார்நாராகிவிடும். கடையில் முதலில் வாயைப் பாருங்கள். இறுக மூடியிருந்தால் நல்லது. பிளந்து கிடந்தாலோ, உடல் பால் வெள்ளையாக இருந்தாலோ விட்டுவிடுங்கள். பளீர் மஞ்சள் பல நேரம் ஏற்றிய சாயம். கையுறை விரலால் தொட்டால் பசை போல ஒட்ட வேண்டும்.

இறாலைக் கடலைப் பருப்பளவு நறுக்கி வாரம் ஒருமுறை கொடுத்தால் போதும். பெரிய துண்டைக் கக்கிவிடும், அது அழுகி அமோனியா ஏறும். கடைகளில் கிடைக்கும் ஒசெல்லாரிஸ் கோமாளி, இயற்கையில் ஹாடனோடு சேர்வதில்லை. மன்னார் வளைகுடாவின் செபே கோமாளி அதோடு சேர்ந்து வாழ்வது. மெதுவாக நீந்தும் மற்ற சிறு மீன்கள் அனிமோனுக்கு இரைதான்.

'தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது' என்ற வரியை மட்டுமாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
உப்புநீர் மீன் வளர்ப்போர் சிலர்,
தருமபுரி.