கசிந்து இறங்கும் நீரை அளந்து சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலத்தடி நீர் குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பெய்த மழையில் குறிப்பிட்ட விழுக்காடு நிலத்தடி நீராகச் சேர்ந்துவிடும் என்று வைத்துக்கொண்டு கட்டுரையாளர் கணக்கைத் தொடங்கியிருப்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. மண்ணுக்குள் நுழையும் நீர் வேறு, வேர்களுக்கும் கீழே தப்பி இறங்கும் நீர் வேறு. இடையில் மண் தன் துளைகளில் பிடித்து வைப்பது ஒரு பங்கு. பயிர் உறிஞ்சியும் வெயில் பட்டும் ஆவியாகிப் போவது இன்னொரு பங்கு. எஞ்சி இறங்குவதை ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை. அதை நேரடியாக அளப்பதற்கென்றே லைசிமீட்டர் என்னும் கருவி இருக்கிறது. அதனோடு பல ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

வயலின் நடுவே தரைமட்டத்துக்குப் புதைக்கப்பட்ட, மண் நிறைந்த பெரிய தொட்டிதான் அந்தக் கருவி. சுற்றியுள்ள பயிரே தொட்டியிலும் வளரும். அடியிலுள்ள குழாய் வழியே சொட்டும் நீரைப் பிடித்து அளப்பார்கள். எடை காட்டும் வகை லைசிமீட்டரில் தொட்டி முழுவதும் தராசின் மேல் நிற்கும்; ஆவியாகிப் போகும் நீரை எடைக் குறைவே காட்டிவிடும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு கிலோ. ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள அத்தகைய தொட்டி மண்ணோடு இரண்டு டன்னுக்கு மேல் எடை இருக்கும். அதில் ஒரு கிலோ குறைந்ததைக்கூடத் தவறாமல் காட்ட வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தத் தராசின் நுட்பம் விளங்கும்.

இது புதிய சிந்தனையும் அன்று. ஊற்று நீர் மழையிலிருந்துதான் வருகிறதா என்று அறிய, பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாரிசில் பிலிப் தெ லா இர் என்னும் பிரெஞ்சு அறிஞர் ஈயத் தொட்டிகளில் மண்ணிட்டுச் சோதித்தார். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1870-இல் 20, 40, 60 அங்குல ஆழங்களில் மண்ணினூடே வடியும் நீரை அளக்கும் மூன்று வடிகால் அளவிகளை அமைத்தார்கள்; அவையும் லைசிமீட்டர்களே. மண்ணைத் தோண்டிக் கொட்டாமல், இருந்த இடத்திலேயே அடியையும் பக்கங்களையும் கட்டி அடைத்தார்கள் என்பதுதான் அவற்றின் சிறப்பு. பயிரும் உரமும் இல்லாத அந்த மண்ணிலிருந்து நைட்ரேட் கரைந்து வெளியேறியதையும் அங்கே ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள்.

மண்ணைக் கலைக்காமல் வைப்பது ஏன் முக்கியம் என்பதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். நான் பணியாற்றிய ஓரிடத்தில், வெட்டியெடுத்த களிமண்ணைத் தொட்டியில் திரும்ப நிரப்பியிருந்தார்கள். மழை தொடங்கிச் சில நிமிடங்களிலேயே அடிக்குழாய் ஒழுகத் தொடங்கியது. களிமண்ணில் நீர் அவ்வளவு விரைவாக இறங்காது என்று சந்தேகப்பட்டு, மேலே நீலச் சாயம் கலந்த நீரை ஊற்றி, மண்ணை அடுக்கடுக்காக வெட்டிப் பார்த்தோம். நடுப்பகுதியில் ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே நீலமே இல்லை. தொட்டிச் சுவரை ஒட்டி மட்டும் அடிவரை நீலக்கோடு இறங்கியிருந்தது. ஓராண்டாக நாங்கள் கவனமாகக் குறித்துவைத்த அளவுகள் மண்ணைப் பற்றியவை அல்ல, சுவரோர இடுக்கைப் பற்றியவை. அந்த வருத்தம் இன்னும் மாறவில்லை.

கருவியின் அடிப்பகுதியிலும் ஒரு சிக்கல் உண்டு. வயலில் கீழே உள்ள மண் மேலுள்ள நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். தொட்டியிலோ அடிமண் முழுவதும் ஊறி நிரம்பிய பிறகே சொட்டு விழும். நல்ல அமைப்புகளில் நுண்துளைப் பீங்கான் தட்டுகளை அடியில் வைத்து, வயல் மண்ணின் இழுவிசைக்கு ஈடாக உறிஞ்சுவது இதற்காகத்தான்.

இவ்வளவு கவனத்தோடு அளந்தாலும் கிடைக்கும் எண் அந்த மண்ணுக்கும் அந்தப் பயிருக்கும் உரியதே. மணலுக்குக் கிடைத்ததைக் களிமண்ணுக்குப் பொருத்த முடியாது. மழை மிகுந்த ஆண்டின் அளவு வறண்ட ஆண்டுக்கு உதவாது. ஆகவே, கட்டுரையில் உள்ள விழுக்காடு எந்த வகை மண்ணில், எவ்வளவு ஆழத்தில், என்ன பயிரின் கீழ், எத்தனை ஆண்டுகள் அளந்து பெறப்பட்டது என்பதைக் கட்டுரையாளரிடம் கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன். அது அளக்கப்படாத மதிப்பீடு என்றால், அதையும் அப்படியே அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
மண் நீரியல் ஆய்வில் பணியாற்றி ஓய்வுபெற்ற வாசகர்