ஹாப்பரும் மோன்ட்ரியானும்: ஒரு மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியூயார்க்கைப் பற்றிய இரண்டு ஓவியங்களை ஒப்பிட்டுச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இரவு நேர உணவகம் ஒன்றில் சிலர் அமர்ந்திருப்பதைத் தெருவிலிருந்து காட்டும் எட்வர்ட் ஹாப்பரின் 'நைட்ஹாக்ஸ்' நகரத்தை உள்ளபடி காட்டுகிறது, பியெட் மோன்ட்ரியானின் 'பிராட்வே பூகி வூகி' வெறும் வண்ணக் கட்டங்கள் என்பது கட்டுரையாளரின் தீர்ப்பு. முன்னதில் மனிதர்கள் இருக்கிறார்களாம், பின்னதில் இல்லையாம். எனக்கு இதில் உடன்பாடில்லை.

முதலில் இந்த 'உள்ளபடி'. கிரீனிச் அவென்யூவில் தெருக்கள் கூடும் முனையில் இருந்த ஓர் உணவகத்திலிருந்து இந்தப் படம் பிறந்ததாக ஹாப்பர் சொல்லியிருக்கிறார். காட்சியை வெகுவாக எளிமைப்படுத்தி, உணவகத்தைப் பெரிதாக்கிக்கொண்டதையும் அவரே மறைக்கவில்லை. சிவப்பு உடைப் பெண்ணுக்கு மாதிரியாக இருந்தவர் அவர் மனைவி ஜோசஃபின். ஆண்களுக்குக் கண்ணாடியில் தம்மையே பார்த்துக்கொண்டார். கட்டட வரைபடம் வரைந்து பிழைத்தவன் நான். என் கண்ணில் முதலில் பட்டது வேறு. தெருவிலிருந்து அந்தக் கடைக்குள் நுழைய வழியே தெரியவில்லை! கண்ணில் படும் ஒரே கதவு பின்கட்டுக்குப் போகிறது. இப்படி ஒரு வரைபடத்தைக் கொடுத்திருந்தால் எந்த நகராட்சியும் எனக்கு அனுமதி தந்திருக்காது. தெருவில் ஒரு வண்டி இல்லை, ஓர் ஆள் இல்லை, நடைபாதையில் ஒரு காகிதத் துண்டுகூட இல்லை. அமெரிக்காவின் பேர்ல் துறைமுகம் ஜப்பானால் தாக்கப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்த 1942 ஜனவரியில் முடிந்த படம் இது. ஒரு பெருநகரத்தின் தனிமையைத் தம்மை அறியாமலே வரைந்திருக்கலாம் என்று ஹாப்பர் பின்னர் சொன்னார். அந்தத் தனிமைக்கு ஒவ்வாததை எல்லாம் கூட்டித் தள்ளிவிட்டு வரைந்த படம் எனக்கும் மிகப் பிடிக்கும். ஆனால் அது உள்ளபடியான நகரம் அல்ல.

மோன்ட்ரியான் போர் அச்சத்தில் பாரிஸை விட்டு லண்டனுக்குப் போய், அங்கே குண்டு விழ, 1940இல் நியூயார்க் வந்து சேர்ந்தவர். அப்போது அவருக்கு வயது 68. இருபது ஆண்டுகளாகத் தம் படங்களைத் தாங்கிநின்ற கறுப்புக் கோடுகளை அந்த வயதில் கைவிட்டார். 1942-43இல் வரைந்த இந்தப் படத்தில் மஞ்சள் கோடுகள். அவற்றின்மேல் சிவப்பும் நீலமும் சாம்பலுமாகச் சிறு சதுரங்கள். கண் ஒரு சந்திப்பில் நிற்பதற்குள் அடுத்ததற்குத் தாவிவிடுகிறது. பூகி வூகி கறுப்பின இசைக்கலைஞர்களின் பியானோ இசை. இடதுகை ஒரே தாளத்தை விடாமல் உருட்ட, வலதுகை அதன் குறுக்கே பாயும். 1811ஆம் ஆண்டுத் திட்டப்படி நெடுக்கும் குறுக்குமாக வெட்டப்பட்ட, நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதித் தெருக்களுக்கு இதைவிடப் பொருத்தமான இசை ஏது?

அதற்காக மோன்ட்ரியானை உத்தமர் என்று சொல்ல வரவில்லை. முதிர்ந்த காலத்தில் சாய்வுக் கோட்டைத் தம் கித்தானுக்குள் விடாதவர் அவர். பிராட்வேயோ அந்த நேர்த்தெருக்களைச் சாய்வாக அறுத்துக்கொண்டு போகும் சாலை! சாலையை எடுத்துக்கொண்டார், சாய்வை வாசலிலேயே நிறுத்திவிட்டார். மாறாக, ஹாப்பரின் உணவகம் இருந்த கிரீனிச் வில்லேஜ் அந்தக் கட்டங்களுக்கு அடங்காமல் தெருக்கள் கோணலாக முட்டிக்கொள்ளும் பகுதி. அந்தக் கூர்முனையை எடுத்துவிட்டால் 'நைட்ஹாக்ஸ்' இல்லை. இருவருமே ஊரில் தமக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கினார்கள். யார் எதை விட்டார் என்று பார்த்திருந்தால் கட்டுரை சூடு பிடித்திருக்கும். மனிதர்களை எண்ணுவதிலேயே அது முடிந்துவிட்டது.

தங்கள் மீதும் ஒரு குறை உண்டு, ஐயா. ஹாப்பருக்கு வண்ணத்தில் அரைப்பக்கம். மோன்ட்ரியானுக்குக் கறுப்பு வெள்ளையில் தீப்பெட்டி அளவு. மஞ்சள் கோடுகள் வெள்ளைத் தளத்தோடு கரைந்து, சிவப்பும் நீலமும் ஒரே கருமையாகிவிட்டன. அதைப் பார்க்கிற எவரும் 'வெறும் கட்டங்கள்' என்றுதான் சொல்வார். உண்மையில் 'நைட்ஹாக்ஸ்' சுமார் 84க்கு 152 செ.மீ., மோன்ட்ரியானுடையது 127 செ.மீ. சதுரம், பரப்பில் பின்னதே பெரியது. ஹாப்பரும் தப்பவில்லை. பத்திக்குள் அடக்குவதற்காக இடப்பக்கத்தை, அந்த இருண்ட கடைகளோடு சேர்த்து, வெட்டிவிட்டீர்கள். மிஞ்சியது ஒரு காபிக் கடை விளம்பரம்.

கட்டுரையாளர் பதில் எழுதுவாரானால், இரண்டு படங்களையும் வண்ணத்தில், வெட்டாமல், ஒரே அளவு விகிதத்தில் எதிரெதிர்ப் பக்கங்களில் வெளியிடுங்கள். இடம் போதாவிட்டால் இந்தக் கடிதத்தைச் சுருக்கிக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வரைவாளர் ஒருவர்,
கும்பகோணம்.