உக்ரைன் உதவி: கணக்கைக் காட்டுங்கள்

ஆசிரியருக்கு,

உக்ரைனுக்கு பிரிட்டன் ஆண்டுதோறும் தரும் 300 கோடி பவுண்டு ராணுவ உதவியைக் குறைக்கச் சொல்லும் உங்கள் தலையங்கத்தை லண்டனில் இருந்து படித்தேன். 2022 குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் ஓர் அறையில் மட்டும்தான் ஹீட்டர் ஓடியது, அதனால் ‘நம் வீட்டுச் செலவே கட்டுப்படியாகாதபோது இந்த உதவி எதற்கு’ என்ற கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் எரிவாயு விலையை அப்படி எகிற வைத்ததில் பெரும்பங்கு ரஷ்யாவின் படையெடுப்புக்குத்தானே?

அப்புறம், எல்லாமே நம் வரிப்பணமும் இல்லை: இதற்கு மேல் தருவதாகச் சொன்ன 226 கோடி பவுண்டு கடன், மேற்கு நாடுகள் முடக்கி வைத்த ரஷ்யச் சொத்துகளின் லாபத்திலிருந்து அடைக்கப்படும், உக்ரைனுக்கான 5,000 ஏவுகணைகளுக்கு ஆர்டர் போனது பிரிட்டனுக்குள்ளேயே, வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் தொழிற்சாலைக்கு. இதையெல்லாம் யார் மக்களிடம் சொல்கிறார்கள்? எவ்வளவு வரி, எவ்வளவு கடன், எவ்வளவு உள்ளூர் வேலை என்று நிதியமைச்சர் ஒவ்வொரு பட்ஜெட்டோடும் ஒரு பக்கக் கணக்கு வெளியிடட்டும்.