எங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு வரி

பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்னையில் ஒரு மாடி அறையில் நானும் என் மச்சானும் ஆக்‌ஷன் ஃபிகர், அதாவது கதாபாத்திரங்களின் உருவத்தில் கைகால் அசையும் பொம்மை, வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விற்கிறோம். (ஃபிகர் என்றாலே நம்மூரில் வேறு அர்த்தம். அந்தக் கிண்டலெல்லாம் கேட்டுப் பழகிவிட்டது.) ஒரு கம்ப்யூட்டர், இரண்டு இரும்பு ரேக், ஒரு பபிள் ராப் சுருள், இவ்வளவுதான் கடை. வாங்குபவர்களில் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. எல்லாம் வேலைக்குப் போகிறவர்கள், பாதிப் பேர் முப்பதைத் தாண்டியவர்கள்.

அவர்கள் பெட்டியைப் பிரிப்பதை ஒருமுறை பார்க்க வேண்டும். டேப்பை பிளேடால் மெல்ல அறுப்பார்கள். உள்ளே பிளாஸ்டிக் தட்டில் பொம்மை, மாற்றிப் பொருத்த நான்கு ஜோடிக் கைகள், மூன்று முகங்கள். செல்போன் டார்ச்சை அடித்துக் கண் பெயின்ட் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் கண்ணாடி அலமாரிக்குள் போய்விடும். வீட்டுக்கு வரும் குழந்தை தொட்டால் இவர்களுக்கு உயிரே போய்விடும். ஜப்பானியப் பெட்டிகளில் 15 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று அச்சிட்டே வருகிறது.

பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்று 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் உங்கள் ஆணையைக் குறை சொல்ல வரவில்லை. 2019-இல் இந்தியத் தரக் குழுமம் தில்லி வட்டாரத்தில் சோதித்த இறக்குமதிப் பொம்மைகளில் மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. குழந்தை வாயில் வைக்கும் பொருளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கேட்பது நியாயம். எனக்கும் மூன்று வயதில் மகள் இருக்கிறாள்.

சிக்கல் பொம்மைக்கு நீங்கள் தரும் விளக்கத்தில் இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்டோர் விளையாடுவதற்கான பொருள் என்பதோடு, ‘அதற்கு மட்டுமே ஆனாலும் ஆகாவிட்டாலும்’ என்றும் சேர்த்திருக்கிறீர்கள். அந்த ஒரு சொற்றொடரை வைத்து என் சரக்கை நிறுத்தவும் முடியும், விடவும் முடியும். இரண்டும் நடந்தது. ஒரு மாதம் தடையில்லாமல் வந்த அதே பொம்மை, அடுத்த முறை 20 பெட்டியாக வந்தபோது ஒரு சரக்கு முனையத்தில் நின்றுவிட்டது. சோதிக்கிறேன் என்று மூன்று பெட்டிகளைக் கட்டரால் கிழித்திருந்தார்கள். பெட்டி கிழிந்தால் சேகரிப்பாளரிடம் பாதி விலைகூடப் போகாது. கடைசியில் திருப்பி அனுப்பினோம். முன்பணம் கட்டி எட்டு மாதம் காத்திருந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம், முனைய வாடகையை எங்கள் கையிலிருந்து கட்டினோம்.

ஐஎஸ்ஐ வாங்கிக்கொள் என்கிறீர்கள். உரிமம் எடுக்க வேண்டியது நான் இல்லை, வெளிநாட்டுத் தொழிற்சாலை. உங்கள் அதிகாரிகள் அங்கே போய்ப் பார்க்கும் செலவையும் அவர்களே ஏற்க வேண்டும், 10,000 டாலருக்கு வங்கி உத்தரவாதமும் தர வேண்டும். லட்சக்கணக்கில் அனுப்பும் நிறுவனம் செய்யும். 20 பெட்டி கேட்கும் எனக்காக யார் செய்வார்கள்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு பொம்மைப் பாதுகாப்பு விதியிலும் 14 வயது இருக்கிறது, உங்களுடைய அதே சொற்றொடரும் இருக்கிறது. ஆனால் பின்னிணைப்பில் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள்: 14 வயதும் அதற்கு மேலும் உள்ள சேகரிப்பாளர்களுக்கானது என்று பெட்டியில் தெளிவாக அச்சிட்ட பொருள் அந்த விதியின்படி பொம்மை ஆகாது. நாம் அதைக்கூடப் பார்த்து எழுத வேண்டியதில்லை. பதிவு செய்த கைவினைஞர்களின் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் நீங்களே விலக்கு கொடுத்திருக்கிறீர்கள். தஞ்சாவூர்த் தலையாட்டிக்கு முத்திரை தேவையில்லை. கொலுப்படியில் இருக்கும் செட்டியார் பொம்மையை எந்த வீட்டிலும் குழந்தையிடம் விளையாடக் கொடுப்பதில்லை. எங்களுடையதும் அந்த ஜாதிதான், படிக்குப் பதில் அலமாரி.

எனவே கேட்பது ஒரு வரி. வரி என்றதும் இறக்குமதித் தீர்வை என்று நினைத்துவிடாதீர்கள், அது தாராளமாகவே இருக்கிறது. 2020 பிப்ரவரிக்கு முன் 20 விழுக்காடு, அப்புறம் 60, 2023 முதல் 70. பொம்மை 5,000 ரூபாய், விமானக் கூலி 1,000 என்றால், 6,000-க்கும் சேர்த்துத் தீர்வை 4,200. அதற்கு மேல் 5 விழுக்காடு ஜிஎஸ்டி. என் கைக்கு வரும்போதே 10,700 தாண்டிவிடும், லாபம் இன்னும் வைக்கவில்லை. அதே முகம், அதே உடையில் போலி ஒன்று நடைபாதையில் 600 ரூபாய்க்குக் கிடைக்கிறது, முத்திரையும் கிடையாது ஒன்றும் கிடையாது. அதைத்தான் குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள். தீர்வையைப் பற்றி இன்னொரு நாள் சண்டை போடலாம். இன்று கேட்பது விலக்குப் பட்டியலில் சேகரிப்பாளர் பொம்மைக்கு எழுத்தில் ஒரு வரி.

எழுதும் முன் ஒரு மாதிரியைப் பார்க்க வேண்டுமென்றால் சொல்லுங்கள், நானே எடுத்து வருகிறேன். கை, முகம் எல்லாவற்றையும் கழற்றிப் பாருங்கள். டேப்பை மட்டும் நான் அறுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
மாடி அறைக் கடைக்காரன்