பேட்டரி தீரும் நாளைப் பற்றியும் சொல்லுங்கள்

மூளையிலும் நரம்பிலும் மின்தூண்டல் கருவி பொருத்தும் மருத்துவர்களுக்கும், அவற்றைத் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கும்,

வணக்கம்.

குறை சொல்லும் முன் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். பார்க்கின்சன் நோய் வந்து பதினோராவது வருடம் என் அப்பாவுக்கு ஆழ்மூளைத் தூண்டல் அறுவை சிகிச்சை நடந்தது; மூளைக்குள் மெல்லிய கம்பியை வைத்து, நெஞ்சில் பதித்த பேட்டரிப் பெட்டியிலிருந்து மின்துடிப்பு அனுப்புவார்கள். சில வாரங்கள் கழித்துக் கருவியை முதன்முறை இயக்கினார்கள். மருத்துவர் திரையில் எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற ஏற்ற, அப்பாவின் வலக்கை நடுக்கம் தணிந்து, கை தொடைமேல் அப்படியே அடங்கிவிட்டது. யாருடைய கையையோ பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை டம்ளரில் தண்ணீரை விளிம்புவரை ஊற்றச் சொல்லி, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் குடித்துக் காட்டினார்.

1987-இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபிட் குழுவினர் தொடங்கி வைத்த சிகிச்சை இது. அதற்கு முன்பு, நடுக்கத்தை நிறுத்த மூளையில் ஒரு சிறு இடத்தைப் பொசுக்கினார்கள். பொசுக்கியது பொசுக்கியதுதான். மின்தூண்டல் அப்படியில்லை. வினாடிக்குச் சுமார் 130 முறை துடிப்பு போகிறது, வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். இதைத்தான் பெரிய நன்மையாக எங்களுக்கும் சொன்னீர்கள். அணைத்தால் நோய் பழையபடி வந்து நிற்கும் என்பதும் அதே வாக்கியத்தில்தானே இருக்கிறது? அதை யாரும் விரித்துச் சொல்லவில்லை.

ஒப்புதல் படிவத்தில் மூளை ரத்தக்கசிவு இருந்தது, தொற்று இருந்தது. சரி, கையெழுத்துப் போட்டோம். பேச்சு குழறும் என்று சொன்னதாக நினைவில்லை. மின்சாரம் குறிவைத்த இடத்தைத் தாண்டிப் பக்கத்து நரம்புப் பாதைக்கும் பரவினால் நாக்கு தடிக்கும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இப்போது வீட்டில் ஒரு ஏற்பாடு: அத்தையிடம் தொலைபேசியில் பேசும் முன் ரிமோட்டில் அளவைக் குறைப்பார், பேசி முடித்து எழுந்து நடக்கும் முன் ஏற்றுவார். பேச்சா நடையா என்று ஒரு நாளில் பலமுறை தேர்ந்தெடுக்கிறார்.

இதைவிட விசித்திரமானதும் உண்டு. நன்றாக நீந்தத் தெரிந்த ஒன்பது பேருக்கு, கருவி பொருத்திய பின் நீச்சல் மறந்துபோனதாக 2019-இல் சூரிச் மருத்துவர்கள் எழுதினார்கள். அவர்களில் மூன்று பேர் கருவியை அணைத்துப் பார்த்தபோது உடனே நீச்சல் திரும்பியது. இதைப் படித்த அன்றே அப்பாவிடம் தனியாகத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். இதை நீங்கள் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? பிசியோதெரபியில் வெப்பம் கொடுக்கும் டயத்தெர்மி சிகிச்சை இவர்களுக்கு ஆகவே ஆகாது; கம்பி வழியே சூடு ஏறி மூளைத் திசுவே சிதைந்துவிடும். அதையும் தோள்வலிக்காகப் போன இடத்தில்தான் தெரிந்துகொண்டோம்.

நான் இந்த மடலை எழுத உட்கார்ந்தது பேட்டரிக்காக. காரை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் இருக்கும் அந்தப் பெட்டி சார்ஜ் செய்ய முடியாத வகையாக இருந்தால் பொதுவாக மூன்று முதல் ஐந்து வருடம் ஓடும். சார்ஜ் செய்யும் வகை பதினைந்து வருடம்கூட வரும். எது வேண்டும் என்று எங்களிடம் கேட்கவே இல்லை. நாலாவது வருடம் ஒரு விடியற்காலையில் அப்பாவால் படுக்கையில் புரள முடியவில்லை. உடம்பு கட்டைபோல் கிடந்தது. கருவியை நம்பி மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருந்ததால் கைகொடுக்க அதுவும் இல்லை. மருத்துவமனைக்குப் போன் செய்தால், நிறுவனத்து ஆள் வந்துதான் பார்க்க வேண்டும் என்றார்கள். அவர் வர நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் தண்ணீரைக் கரண்டியால்தான் ஊட்டினோம்.

ஆளாவது வந்தார். நிறுவனமே இல்லாமல் போனால்? ஒரு பக்கக் கண்ணைச் சுற்றித் தாங்க முடியாமல் வலிக்கும் கொத்துத் தலைவலிக்கு (cluster headache) முகத்தில் பொருத்தும் கருவியைச் செய்த நிறுவனம் 2019-இல் மூடப்பட்டது. கருவி மட்டும் நோயாளிகளின் முகத்திலேயே இருந்தது.

வலிப்புக்குக் கழுத்து வழியே ஓடும் வேகஸ் நரம்பில் பொருத்துவது, வலிக்குத் தண்டுவடத்தில் பொருத்துவது எல்லாவற்றிலும் கதை ஏறக்குறைய இதுதான். ஒன்றில் குரல் கம்மும், இன்னொன்றில் கம்பி நகர்ந்துவிடும், எல்லாவற்றிலும் பேட்டரி தீரும்.

யாரும் பயந்து ஒதுங்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. இன்னொரு முறை கேட்டாலும் அப்பா சம்மதிப்பார். படிவத்தோடு இன்னும் ஒரு தாள் கொடுங்கள்: எந்த வகை பேட்டரி, எப்போது மாற்ற வேண்டும், நடுராத்திரி நின்றுபோனால் எந்த மாத்திரை எவ்வளவு, அளவைச் சரிசெய்யத் தெரிந்தவர் யார், அவர் இல்லாவிட்டால் யார். நிறுவனத்தாரே, ஒருவர் செய்த கம்பியில் இன்னொருவர் செய்த பேட்டரியும் பொருந்தும்படி இணைப்பை ஒன்றாக்குங்கள். கடையை மூடினாலும் பொருத்தியவர்களைப் பராமரிக்கப் பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

அப்பாவின் இரண்டாவது பேட்டரிக்கு இது மூன்றாவது வருடம். மாதம் ஒருமுறை ரிமோட்டை அவர் நெஞ்சருகே வைத்து மிச்சத்தைப் பார்க்கிறோம். அடுத்த முறை அது நின்றால் நான் கூப்பிட வேண்டியவரின் பெயரையும் எண்ணையும் இந்த மடலுக்குப் பதிலாக எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பார்க்கின்சன் நோயாளி ஒருவரின் மகள்