ஸ்கை தீவில் தேடாதீர்கள், இறப்புச் சான்றிதழில் தொடங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முன்னோரைத் தேடுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால் டிஎன்ஏ எல்லாவற்றையும் சொல்லிவிடும், மிச்சத்தை இணையத்தில் கிடைக்கும் குடும்ப மரங்கள் பார்த்துக்கொள்ளும் என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே ஓரளவுக்குத்தான் சரி. இங்கே மெல்பர்னில் என் சம்பந்தி வீட்டார் ஸ்காட்லாந்து வழி வந்தவர்கள். சம்பந்தியின் கொள்ளுத்தாத்தாவுடைய அப்பா ஸ்கை தீவிலிருந்து 1852-ல் கப்பலேறியவர். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் இருவருக்கும் அவரைத் தேடுவதுதான் வேலை. சம்பந்திக்கு ரத்த பாசம், எனக்குப் பழைய பதிவேடு என்றாலே ஒரு கிறுக்கு.

கப்பலேறிப் போனவரை அவர் பிறந்த ஊரில் தேடத் தொடங்கக் கூடாது, இறந்த ஊரில் தொடங்க வேண்டும். கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லை. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியாவில் 1853-லேயே பிறப்பு, இறப்பு, கல்யாணத்துக்கு அரசுப் பதிவு வந்துவிட்டது, அந்தக் காலத்து இறப்புச் சான்றிதழைப் பார்த்தால் அசந்துபோவீர்கள்: பிறந்த இடம், காலனிக்கு வந்து எத்தனை வருஷம், அப்பா பெயர், அப்பாவின் தொழில், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், யாரைக் கட்டினார், பிள்ளைகள் யார் யார், எங்கே புதைத்தார்கள் என்று முழு ஜாதகமும் அதிலேயே இருக்கும். தகவல் சொன்னவர் யார் என்பதையும் பார்க்கணும். மகன் சொல்லியிருந்தால் நம்பலாம், லாட்ஜ் உரிமையாளர் சொல்லியிருந்தால் யோசிக்கணும்.

இதை விட்டுவிட்டு நேராக ஸ்கைக்குப் போனால் என்ன ஆகும்? அந்தத் தீவில் எங்கே திரும்பினாலும் மெக்லவுட், மெக்டொனால்ட், மெக்கின்னன். போதாததற்கு, மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவைப் பெற்ற பாட்டி பெயர் என்று ஒரு வழக்கம், நம் வீடுகளில் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது போலத்தான். தாத்தா அலெக்சாண்டர், அவருக்கு நாலு பையன்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு வீட்டிலும் மூத்தவன் அலெக்சாண்டர், நாலு பேரும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே ஊர். இதில் யார் ஆஸ்திரேலியா போனவர் என்று பெயரை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. சம்பந்தியின் தூரத்து உறவுக்காரர் ஒருவர் இணையத்தில் போட்டிருந்த மரத்தில் நடந்தது இதுதான். கைக்குக் கிடைத்த அலெக்சாண்டரை ஒட்டவைத்து, அங்கிருந்து டன்வேகன் கோட்டைத் தலைவர், அதாவது மெக்லவுட் குலத்தின் தலைவர் வரைக்கும் கோடு இழுத்துவிட்டார். அதை இன்னும் நிறையப் பேர் அப்படியே நகல் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பத்து மரத்தில் ஒரே தகவல் இருந்தால் பத்து சாட்சி என்று ஆகிவிடுமா?

டிஎன்ஏவும் அங்கே அவ்வளவு எளிதாகப் பிடி கொடுக்காது. சின்னத் தீவு, தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே கல்யாணம் செய்தவர்கள், அதனால் ஆறாம் தலைமுறைப் பங்காளிகூட நாலாம் தலைமுறை மாதிரி கணக்கில் காட்டும். அத்தை மகனையும் மாமன் மகளையும் கட்டிப் பழகிய நமக்கு இது புரியாத விஷயம் இல்லை.

சரி, கப்பல் விஷயத்துக்கு வருகிறேன். பிரிட்டனை விட்டுப் புறப்பட்டவர்களின் அரசுப் பட்டியல் 1890-லிருந்துதான் முறையாகக் கிடைக்கிறது. அதற்கு முந்தியவர்களை இறங்கிய துறைமுகத்துப் பட்டியலில்தான் பிடிக்க வேண்டும். ஆனால் ஸ்கைக்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு, அதை அதிர்ஷ்டம் என்று சொல்ல வாய் வரவில்லை. 1846-லிருந்து உருளைக்கிழங்கில் நோய் விழுந்து ஹைலேண்ட் என்கிற ஸ்காட்லாந்தின் வடமேற்கு மலைப் பகுதியே பட்டினி கிடந்தபோது, மக்களை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவைக்க ஹைலேண்ட் அண்ட் ஐலண்ட் எமிக்ரேஷன் சொசைட்டி என்று ஒன்று தொடங்கினார்கள். 1852 முதல் 1857 வரை கிட்டத்தட்ட 5,000 பேரை அனுப்பியது. அவர்களின் பெயர், வயது, குடியிருந்த ஊர், ஏறிய கப்பல் எல்லாம் எழுதிய ஏடு எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அந்தச் சங்கத்தின் தலைவர் யார் தெரியுமா? சார்லஸ் ட்ரெவெல்யான். அயர்லாந்துப் பஞ்சத்தில் லண்டன் கருவூலத்தில் இருந்துகொண்டு கெட்ட பெயர் வாங்கிய அதே ஆள், 1859-ல் நம் சென்னைக்கு கவர்னராக வந்து, வருமான வரியை எதிர்த்ததற்காகத் திருப்பி அழைக்கப்பட்டவர். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்கை உண்டாக்கியவரும் அவர்தான்.

அந்த ஏட்டில் ஒரு குடும்பம் இரண்டு கப்பலில் வந்தால் பதற வேண்டாம். 1852 டிசம்பரில் கேம்பெல்டவுனிலிருந்து புறப்பட்ட ஹெர்குலிஸ் கப்பலில் அம்மையும் டைபஸ் காய்ச்சலும் பரவி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் நிறுத்திப் பலரை இறக்கி, அப்புறம் வேறு வேறு கப்பல்களில் பிரித்து அனுப்பினார்கள். அதேபோல வயதும் முன்பின் இருக்கும். அடுத்தவர் பண உதவியில் போகும் பயணத்துக்கு வயது வரம்பு இருந்ததால் குறைத்துச் சொன்னவர்கள் உண்டு.

1852-ல் போனவர்களுக்கு இன்னொரு வசதி, 1851 மார்ச் 30-ஆம் தேதி மக்கள்தொகைக் கணக்கு எடுத்திருக்கிறார்கள். வீட்டில் அன்றிரவு யார் யார் இருந்தார்கள், என்ன உறவு, எந்தத் திருச்சபை வட்டத்தில் பிறந்தார்கள் எல்லாம் அதில் உண்டு. கப்பல் பட்டியலில் உள்ள மனைவி பிள்ளைகளை இதோடு ஒப்பிட்டால் நாலு அலெக்சாண்டரில் மூணு பேர் கழன்றுவிடுவார்கள். 1841 கணக்கை நம்பி மட்டும் முடிவு செய்யாதீர்கள், அதில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள், உறவுமுறையும் கிடையாது.

கட்டுரையாளர் 'ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு 1855-ல்தான் தொடங்கியது, அதற்கு முன் போனவர்களுக்கு வழியில்லை' என்று முடித்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1855-க்கு முன்பு பிறப்பைப் பதிவது கட்டாயம் இல்லை, ஸ்கையின் பல திருச்சபைகளில் ஞானஸ்நான ஏடே 1800-க்குப் பிறகுதான் தொடங்குகிறது, அதெல்லாம் உண்மை. ஆனால் போனவர் ஒருவர் என்றால் போகாதவர்கள் எத்தனை பேர்! அவருடைய அம்மா 1855-க்குப் பிறகு அங்கேயே இறந்திருந்தால், அந்த அம்மாவின் தாய் தகப்பன் பெயர் அவருடைய இறப்புப் பதிவில் இருக்கும், அதில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் சேர்த்து. ஒரே தாவலில் 1700-களுக்குப் போய்விடலாம். அண்ணன் தம்பி யாராவது 1855-லேயே இறந்திருந்தால் இன்னும் நல்லது. அந்த ஒரு வருஷம் மட்டும் ஏகப்பட்ட விவரம் கேட்டு எழுதினார்கள், எழுதி மாளாமல் அடுத்த வருஷமே குறைத்துக்கொண்டார்கள்.

சம்பந்தியின் ஆளை நாங்கள் பிடித்தது இப்படி, பின்னால் தங்கிவிட்ட அவருடைய அம்மா வழியாகத்தான். அந்த அம்மாவின் மரணத்தைப் பதிவு செய்த மகனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறார். கோட்டைத் தலைவருக்கும் அவர்களுக்கும் இருந்த ஒரே தொடர்பு குத்தகைதான்.

ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் என்கிற ஸ்காட்லாந்து அரசுப் பதிவேடுகளின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டு பெயர்ப் பட்டியலை இலவசமாகத் தேடலாம், சான்றிதழின் படத்தைப் பார்க்கத்தான் காசு. கல்யாணமான பெண்களைப் பிறந்த வீட்டுப் பெயரில் தேடினாலும் இறப்புப் பதிவு கிடைக்கும், கணவன் பெயர் தெரியவில்லை என்று விட்டுவிட வேண்டாம். இந்தத் திருத்தங்களை அடுத்த வாரமே போட்டால் நல்லது, என் சம்பந்தி உங்கள் கட்டுரையின் மொழிபெயர்ப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

இப்படிக்கு,
மெல்பர்ன் வாசகர் ஒருவர்